காவலும் காவற்கூலியும்

அராஜகம் என்னும் சொல் நமது நாட்டில் வசைச்சொல்லாகவே வழங்கி வருகிறது. சந்தையில் கலகம் நேர்ந்தால் அராஜகம். சட்டசபையில் கூச்சல் எழுந்தால் அராஜகம். போலீஸார் வரம்பு மீறி ஒருவனை அடித்தால் அதற்கும் அராஜகம் என்றே பெயர். கடைசியாகச் சொன்ன பிரயோகம் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. ராஜாங்கத்தின் சொந்தச் சேவகர்கள், ராஜாங்கத்தின் உடுப்பை அணிந்து, ராஜாங்கத்தின் கட்டிடத்திற்குள் செய்யும் அக்கிரமத்தை, ராஜாங்கமே இல்லாத நிலையின் பெயரிட்டு அழைக்கிறோம். நன்மையெல்லாம் ராஜாங்கத்தின் வரவிலும், தீமையெல்லாம் அராஜகத்தின் பற்றிலும் எழுதப்படுகின்றன. இப்படி எழுதப்பட்ட கணக்கை ஒருமுறை தணிக்கை செய்து பார்ப்பது, சுயராஜ்யத்தை விரும்பிப் பெற்ற ஜனங்களின் கடமையாகும்.

அராஜகக் கொள்கையினர் சொல்வதுதான் யாது? வெடிகுண்டும் துப்பாக்கியும் அக்கொள்கையன்று. அவற்றை எடுத்தவர்கள் அக்கூட்டத்திலும் இருந்தனர்; ராஜபக்தர்களிலும் இருந்தனர். 1840-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்துப் புரூதோன் என்பவர் தம்மை அராஜகவாதியென்று தாமே அழைத்துக்கொண்டார். ருஷ்யாவில் பிரபு குடும்பத்திற் பிறந்த குரோபோட்கின், மிருகங்களும் மனிதரும் ஒன்றுக்கொன்று உதவியே நிலைத்து வாழ்கின்றன என்பதை விளக்கி 1902-ம் வருஷத்தில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். இவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே: ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குக் கட்டளையிடுவதற்கும், கீழ்ப்படியாதவனைத் தண்டிப்பதற்கும், அவனுடைய வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதற்கும் எந்தப் பாத்தியதையைக் கொண்டு வருகிறான்?

வக்கீல்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. நிலத்தின் மேல் வழக்குத் தொடுப்பவனைப் பார்த்து, "உன் பத்திரம் எங்கே?" என்று கோர்ட்டில் தினந்தோறும் கேட்கிறோம். அமெரிக்க வக்கீலாகிய லைசாண்டர் ஸ்பூனர் அதே கேள்வியைத் தம் நாட்டு ராஜாங்கத்தினிடமே கேட்டார். உள்நாட்டுப் போர் முடிந்த பின்பு, 1867 முதல் 1870 வரையில் அவர் வெளியிட்ட துண்டுப்பிரசுரங்களில் அந்த வாதம் விரிகிறது. அரசியல் நிர்ணயச் சட்டம் ஓர் ஒப்பந்தமாயின், இன்று உயிரோடிருப்பவர்களில் அதில் கையெழுத்திட்டவர் யார்? கையெழுத்திடாத ஒப்பந்தம் யாரைக் கட்டுப்படுத்தும்? வழிப்பறிக்காரன் பணத்தைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறான். உன்னைக் காப்பதற்காகவே பறித்தேன் என்று கூறிக்கொண்டு ஆயுள் முழுவதும் உன் பின்னாலேயே வருவதில்லை. ராஜாங்கமோ அதைச் செய்கிறது. ஸ்பூனருடைய வாதத்தின் சாரம் இதுவே. இதைப் படிக்கும் தமிழர் திடுக்கிடக் காரணமில்லை. கோல் பிடித்த அரசன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேல் பிடித்த ஆறலை கள்வன் கேட்பதோடு ஒப்பிட்டுக் காட்டிய வள்ளுவரைப் பள்ளிக்கூடத்திலேயே நாம் படித்திருக்கிறோம்.

இக்கொள்கை அந்நியச் சரக்கு என்று கூறுவாருமுளர். மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் பீஷ்மர் தருமபுத்திரனுக்கு ராஜதருமம் உபதேசிக்கத் தொடங்கும்போது, ஆதியில் ராஜ்யமும் இல்லை, ராஜாவும் இல்லை, தண்டனையும் இல்லை, தண்டிப்பவனும் இல்லை, ஜனங்கள் தருமத்தினால் ஒருவரையொருவர் காத்து வந்தனர் என்றே கதையை ஆரம்பிக்கிறார். மோகமும் லோபமும் புகுந்து அந்நிலை கெட்ட பின்னரே ராஜா வந்தான். மகாத்மா காந்தி 1916-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் காசி ஹிந்து சர்வகலாசாலை விழாவில், மகாராஜாக்கள் வீற்றிருந்த சபையில், தாமும் ஒருவகையில் அராஜகவாதியே என்றும், ஆனால் வேறு வகையினர் என்றும் கூறினார். அந்தப் பிரசங்கம் முடிவு பெறவில்லை. மூன்று வருஷங்களுக்குப் பின் ஆங்கில சர்க்கார் இயற்றியதும், ரௌலட் சட்டமென்று நாம் அழைப்பதுமான சட்டத்தின் மெய்ப்பெயர் 1919-ம் வருஷத்து அராஜக, புரட்சிக் குற்றங்கள் சட்டம் என்பதே. விசாரணையின்றி மனிதரை அடைத்து வைப்பதற்காகச் செய்த சட்டத்திற்கு, எதிராளியின் பெயரைச் சூட்டினார்கள். அச்சட்டம் பிறந்து ஒரு மாதத்திற்குள் ஜாலியன்வாலாபாக்கில் நடந்ததை யாவரும் அறிவர். அன்று அராஜகம் எந்தப் பக்கத்தில் இருந்தது?

தமிழ்நாட்டிலிருந்தே ஒருவர் அக்கொள்கையை வாழ்நாள் முழுவதும் தாங்கி நின்றார். சென்னையில் 1887-ம் வருஷத்திற் பிறந்த மண்டயம் திருமலாசாரியார், பாரதியாரோடு "இந்தியா" பத்திரிகையை நடத்தியவர்களில் ஒருவர். 1908-ம் வருஷத்தில் தேசத்தை விட்டு வெளியேறி, லண்டன், பெர்லின், மாஸ்கோ என்று அலைந்தார். 1920-ம் வருஷத்தில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டு கட்சியை அமைத்தவர்களிலும் அவர் உண்டு. ஆனால் தொழிலாளர் பெயரால் நடக்கும் ராஜாங்கமும் ராஜாங்கமே என்று கண்டு, அதிலிருந்து விலகினார். 1922-ம் வருஷ இறுதியில் பெர்லினில் கூடிய அராஜகத் தொழிலாளர் மகாநாட்டிற்குச் சென்றார். 1935-ல் பம்பாய்க்குத் திரும்பி, 1954-ல் அங்கேயே காலமானார். அந்நிய ராஜாங்கத்தை எதிர்த்தவரை நாம் கொண்டாடுகிறோம். எல்லா ராஜாங்கத்தையும் கேள்வி கேட்ட அதே மனிதரை மறந்துவிட்டோம். கேள்வி நமக்கு அசௌகரியமாயிருப்பதே மறதிக்குக் காரணமென்று நாம் கருதுகிறோம்.

அக்கேள்விக்குத் தமிழ்நாடு தன் பழைய வழக்கத்தைக் கொண்டு என்ன விடை சொல்லும் என்பதை ஆராய்வோம். இதற்கு அரியலூர் ஜில்லாவில் கொள்ளிடத்தின் வடகரைப் பக்கத்தில் உள்ள ஏலாக்குறிச்சி என்னும் ஊர் நல்ல சாட்சியாகும். வீரமாமுனிவர் அவ்வூரைத் திருக்காவலூர் என்று அழைத்து, அதன்மேல் கலம்பகம் ஒன்றும் பாடினார். அங்குள்ள கோயிலின் தெய்வமோ அடைக்கல மாதா எனப்படுகிறாள். காவல், அடைக்கலம் ஆகிய இவ்விரு சொற்களும் பக்திச் சொற்கள் மட்டுமல்ல. அந்நூற்றாண்டில் அவை ராஜ்ய சாஸ்திரச் சொற்களுமாகும். தென்கரையிலிருந்த தஞ்சை ராஜ்யத்தில் மதம் காரணமாகத் துன்புறுத்தப்பட்ட ஜனங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றைக் கடந்து, அரியலூர் மழவராயருடைய பாளையத்திற்குள் வந்து புகலடைந்தனர் என்பது அவ்வூர் வரலாறு. மழவராயர் வேறு மதத்தினர். எனினும் அவர் கோயிலுக்கு நிலம் விட்டார் என்றும் அவ்வரலாறு கூறுகிறது.

இதில் அடங்கியிருக்கும் நியாயத்தை ஆராய்ந்து பார்க்க வேண்டும். அந்த ஜனங்கள் ஒரு ராஜாங்கத்தின் பாத்தியதையைக் காலால் நிராகரித்து, மற்றொன்றின் பாத்தியதையைக் காலால் ஒப்புக்கொண்டார்கள். வோட்டுச் சீட்டும் பெட்டியும் இல்லாத காலத்தில் கொள்ளிடமே அவர்களுடைய தேர்தல். காப்பவன் எவனோ அவனுக்கே குடிகள்; காவாதவனுக்குக் குடிகளின் மீது பிடியில்லை. குடிகள் போய்விட்டால் நிலம் தரிசாகும் என்ற பயம் அக்காலத்து அரசர்களுக்கு இருந்தது. எந்தச் சாசனத்தைக் காட்டிலும் அந்தப் பயம் அவர்களை அதிகமாகக் கட்டுப்படுத்தியது.

அக்காலத்துப் பாளையக்காரரைத் தருமப் பிரபுக்களாக வருணிக்க நாம் முன்வரவில்லை. பாளையக்காரர் சீமைகளில் காவல் என்பது ஒரு பணவரவுள்ள உரிமை. ஏருக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு, களத்து நெல்லில் இவ்வளவு என்று காவற்கூலி வாங்கினார்கள். கூலி தர மறுத்த ஊரில் அடுத்த வாரமே மாடு காணாமற் போவதும் உண்டு. காணாமற் போன மாட்டின் இருப்பிடத்தைச் சொல்வதற்குத் துப்புக்கூலி வாங்குவதும் உண்டு. கள்வனும் காவல்காரனும் ஒருவனேயென்று அக்காலத்து ஜனங்கள் நன்கறிவர். ராஜாங்கமெல்லாம் இவ்விதம் பிறந்ததேயென்று அராஜகவாதி கூறுவானாயின், பாளையக்காரர் சரித்திரம் அவனுக்கு வேண்டிய மட்டும் ருசுக்கள் தரும்.

ஆயினும் அந்தக் காவலில் ஒரு ஷரத்து இருந்தது. ஊரில் களவு போனால் காவல்காரன் கள்வனைப் பிடித்துப் பொருளை மீட்டுத் தரவேண்டும்; மீட்க முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு செய்யவேண்டும். கூலி வாங்கினவன் காவாமற் போனால் நஷ்டம் அவனைச் சேர்ந்தது. வழக்கத்தில் இந்த ஷரத்தை எத்தனையோ காவல்காரர் ஏமாற்றியிருக்கலாம். ஆனால் ஷரத்து இருந்தது. ஜனங்கள் அதைச் சொல்லிக் கேட்க முடிந்தது. காவற்கூலிக்குக் கணக்கு உண்டு என்பது அந்த முறையின் அடிப்படை.

பின்னர் கும்பெனியார் வந்தனர். 1801-ம் வருஷத்தில் தென்சீமைப் பாளையக்காரர் போர் முடிந்தவுடன் ஜனங்களின் ஆயுதங்களைப் பிடுங்கினர். காவலுரிமையைத் தமதாக்கிக்கொண்டனர். 1859-ம் வருஷத்தில் சென்னை மாகாணத்திற்கென்று போலீஸ் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இன்று நமது நாட்டிலுள்ள போலீஸ் அமைப்பின் வேர் அதுவே. காவல் சர்க்காரின் கைக்குச் சென்றது. காவற்கூலி வரியின் பெயரால் சென்றது. ஈடு செய்யும் ஷரத்தோ கைமாறவில்லை. அது வழியிலேயே விழுந்துவிட்டது. எப்படி விழுந்தது என்பதற்குக் கோர்ட்டு ருசுக்கள் உள்ளன. இரண்டு வழக்குகளை மட்டும் நேயர்களுக்கு எடுத்துக் கூறுவோம்.

முதலாவது, ஒரு குதிரையின் வழக்கு. கல்கத்தாவில் சர்க்கார் கப்பல் துறைக்குச் சமீபத்தில் சர்க்கார் வேலையாட்கள் ஓர் இரும்புத் துண்டைச் சுமந்து சென்றனர். வண்டி நெருங்கியபோது அவர்கள் அதைத் திடீரென்று கீழே போட்ட சப்தத்தினால் குதிரை மிரண்டு காயமடைந்தது. வண்டி ஓர் ஆங்கிலக் கப்பல் கம்பெனியுடையது. கம்பெனி வழக்குத் தொடுத்து 1861-ம் வருஷத்தில் 350 ரூபாய் நஷ்டஈடு பெற்றது. அத்தீர்ப்பில் பிரதம நீதிபதி பீகாக் ஒரு பாகுபாடு செய்தார். கப்பல் துறை நடத்துவது போன்ற வியாபார காரியங்களில் சர்க்கார் ஊழியர் தவறிழைத்தால் சர்க்கார் பொறுப்பாளி. ராஜாதிகாரத்தைச் செலுத்தும் காரியங்களில் அப்பொறுப்பில்லை என்பதே அது.

இரண்டாவது, தங்கத்தின் வழக்கு. 1947-ம் வருஷம் செப்டம்பர் மாதம், சுதந்திரம் கிடைத்து ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. அமிருதசரஸ் நகரத்து நகை வியாபாரி ஒருவர் மீரட் நகரத்திற்கு வந்தபோது போலீஸார் சந்தேகத்தின்பேரில் அவரைப் பிடித்து, அவரிடமிருந்த தங்கத்தையும் வெள்ளியையும் கைப்பற்றினர். அவர் விடுதலையானார், வெள்ளி திரும்பி வந்தது. 103 தோலாவுக்கு மேற்பட்ட தங்கம் வரவில்லை. பொருளுக்குப் பொறுப்பாயிருந்த தலைமைக் கான்ஸ்டபிள் அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். வியாபாரக் கம்பெனி உத்தரப்பிரதேச சர்க்கார்மீது தொடுத்த வழக்கு 1964-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டில் முடிவடைந்தது. கஸ்தூரிலால் வழக்கு என்று சட்ட உலகம் அதை அறியும். போலீஸார் கவனக்குறைவாயிருந்தார்கள் என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டனர். எனினும் ஒருவனைக் கைது செய்வதும், அவன் பொருளைக் கைப்பற்றி வைப்பதும் ராஜாதிகாரக் காரியங்களாதலால் சர்க்கார் ஈடு செய்யவேண்டியதில்லையென்று தீர்ப்பளித்தனர்.

குதிரை மிரண்டால் சர்க்கார் பொறுப்பு. போலீஸ் ஸ்டேஷனுக்குள் தங்கம் களவு போனால் சர்க்கார் பொறுப்பில்லை. காவல் செய்வதற்கென்றே வரி வாங்கும் ஸ்தாபனம், காவலைத் தவிர மற்றெல்லாவற்றிற்கும் ஈடு தரும்! துப்புக்கூலி வாங்கிய பழைய காவல்காரனும் இந்த நியாயத்தைக் கேட்டால் வெட்கப்படுவான்.

இன்னுமொரு விசேஷம் கவனிக்க வேண்டியிருக்கிறது. ராஜா தவறு செய்யமாட்டான் என்பது இங்கிலாந்தின் பழைய சட்ட வாக்கு. மீரட்டில் தங்கம் மறைந்த அதே 1947-ம் வருஷத்தில், இங்கிலாந்துப் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றி அந்த வாக்கைப் பெரும்பாலும் கைவிட்டது. அங்கே சர்க்கார்மீது மற்ற எந்த எஜமானன்மீதும் தொடுப்பதைப் போலவே வழக்குத் தொடுக்கலாம். அவர்கள் தங்கள் நாட்டில் கழற்றி எறிந்த கவசத்தை நாம் நமது குடியரசுக்கு அணிவித்தோம். நமது அரசியல் நிர்ணயச் சட்டத்தின் 300-வது ஷரத்து, சர்க்காரின் பொறுப்பை முந்திய சர்க்காருக்கிருந்த பொறுப்பின் அளவாகவே வைத்தது. அது கும்பெனியின் பொறுப்பின் அளவாக முன்னமே அளக்கப்பட்டிருந்தது. பார்லிமெண்டு வேறு சட்டம் செய்யலாம் என்றும் அந்த ஷரத்து அனுமதி தந்தது. 1956-ம் வருஷத்தில் சட்டக் கமிஷன் தனது முதல் அறிக்கையையே இவ்விஷயத்தைப் பற்றி எழுதி, சட்டம் வேண்டுமென்று சிபார்சு செய்தது. கஸ்தூரிலால் வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதிகளும் அதையே வற்புறுத்தினர். 1965-லும் 1967-லும் மசோதாக்கள் பார்லிமெண்டில் கொண்டுவரப்பட்டன, இரண்டும் சட்டமாகவில்லை. அதன் பின் எத்தனையோ கட்சிகள் டில்லியில் ஆட்சிபுரிந்தன. எவரும் அதை முடிக்கவில்லை. வேறெந்த விஷயத்திலும் ஒன்றுபடாத கட்சிகள் இவ்விஷயத்தில் மட்டும் ஒன்றுபட்டு மௌனம் சாதிக்கின்றன.

கோர்ட்டுகள் கொஞ்சம் வழி திறந்திருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரிஸ்ஸாவில் 1987-ம் வருஷத்தில் போலீஸ் வசமிருந்த ஓர் இளைஞனின் பிரேதம் ரயில் பாதையில் கிடந்தது. தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்ட சுப்ரீம் கோர்ட்டு, 1993-ல் ஒன்றரை லட்சம் ரூபாய் ஈடு தரும்படி உத்தரவிட்டது. ஜீவாதார உரிமை பறிக்கப்பட்ட இடத்தில் ராஜாதிகாரம் என்ற கவசம் செல்லாது என்றும் கூறியது. மறு வருஷம், ஆந்திர சர்க்கார் கைப்பற்றிக் கிடங்கில் கெடவிட்ட உரத்துக்கும் ஈடு கிடைத்தது. எனினும் 1964-ம் வருஷத்துத் தீர்ப்பு வெளிப்படையாக ரத்து செய்யப்படவில்லை; ஓரங்களில் மட்டும் அரிக்கப்பட்டிருக்கிறது. நீதிபதியின் கருணையால் கிடைப்பது வேறு. குடியின் உரிமையாகக் கிடைப்பது வேறு. கருணையைத் தேடி எத்தனை தாய்மார் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கடிதம் எழுத முடியும்?

2020-ம் வருஷம் ஜூன் மாதத்தில் தூத்துக்குடி ஜில்லா சாத்தான்குளத்தில், கடையடைக்கும் நேரத்தைப் பற்றிய தகராறில் போலீஸார் கொண்டுசென்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து மாண்டனர். ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை தானாகவே அவ்விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. தடயங்கள் அழியாமலிருக்கும் பொருட்டு அந்தப் போலீஸ் ஸ்டேஷனையே ரெவினியூ அதிகாரிகள் வசம் ஒப்புவிக்கும்படி உத்தரவிட நேர்ந்தது. காவல் நிலையத்திற்குக் காவல் வைக்க வேண்டிய காலம் வந்தபின், அராஜகவாதியின் கேள்வியை அறியாப் பிள்ளையின் கேள்வியென்று தள்ளிவிட முடியுமா?

உயிர் ஒருபுறமிருக்க, நிலத்தையும் பார்ப்போம். 1894-ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டத்தில், இந்த நிலம் பொது நன்மைக்கு வேண்டும் என்று சர்க்கார் பிரகடனம் செய்தால், அந்தப் பிரகடனமே அதற்கு முடிவான ருசு என்று ஒரு விதி இருந்தது. வாதியே சாட்சி, சாட்சியின் சொல்லே தீர்ப்பு. சுதந்திரம் பெற்ற பின்னும் 66 வருஷம் அவ்விதி நமது ரயத்துகளின்மேல் நின்றது. ஏலாக்குறிச்சி இருக்கும் அதே அரியலூர் ஜில்லாவில், ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமங்களில், பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் உற்பத்தி செய்வதற்கென்று 1990-க்களின் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் ஆர்ஜிதம் செய்யப்பட்டது. சுரங்கமும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. ரயத்துகள் ஈட்டுத் தொகைக்காகக் கோர்ட்டு வாசலில் ஆண்டுக்கணக்காக நின்றனர். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பின், நிலத்தைத் திருப்பித் தருவதென்று சர்க்கார் முடிவு செய்தது. முடிவை நாம் வரவேற்கிறோம். ஆனால் பொது நன்மை என்று முதலில் பிரகடனம் செய்த அந்த முடிவான ருசு எங்கே போயிற்று? இடையில் கழிந்த காலத்திற்கு, அந்நிலத்தை நம்பிக் கலியாணமும் கடனும் திட்டமிட முடியாமல் தவித்த குடும்பங்களுக்குக் கணக்கு ஒப்புவிப்பவர் யார்? 2013-ம் வருஷத்துப் புதிய சட்டம், தனியார் கம்பெனிகளுக்காக எடுக்கும்போது நூற்றுக்கு எண்பது குடும்பங்களின் சம்மதம் வேண்டுமென்கிறது. சர்க்கார் தனக்காகவே எடுத்துக்கொள்ளும்போது சம்மதம் வேண்டுமென்று அதுவும் கூறவில்லை.

இவ்வளவும் எழுதிய நாம், ராஜாங்கமே வேண்டாமென்ற முடிவுக்கு வந்துவிட்டோமோ என்று சில நேயர்கள் ஐயுறக்கூடும். அப்படியன்று. அராஜகவாதியின் கேள்வி நியாயமானது. அவன் தரும் விடை நமது கிராமங்களில் நிற்காது. ராஜாங்கம் விலகினால் ஜனங்கள் பரஸ்பர உதவியால் வாழ்வார்கள் என்று அவன் கூறுகிறான். மதுரை ஜில்லாவில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களைப் பார்க்கட்டும். பஞ்சாயத்துத் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால், 1996 முதல் பத்து வருஷகாலம் அங்கே முறையான தேர்தல் நடத்த முடியவில்லை. அதே ஜில்லாவில் மேலவளவு என்னும் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துத் தலைவரும் அவரோடு சென்றவர்களுமாக 1997 ஜூனில் அறுவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அங்கே ராஜாங்கம் மிகையாயிருந்ததா? ராஜாங்கம் போதாமலிருந்தது. ராஜாங்கத்தின் கோல் விழுந்த இடத்தில் பெரும்பான்மை ஜாதியின் தடி எழுந்தது. டாக்டர் அம்பேத்கார் அரசியல் நிர்ணய சபையில் 1948-ம் வருஷத்தில் கிராமத்தைப் புகழ மறுத்ததன் காரணம் இதுவே. கோல் இல்லாத ஊரில் எளியவனுக்கு அடைக்கலம் இல்லை.

கொள்ளிடத்தைக் கடந்த அந்த ஜனங்களும் ராஜாங்கமில்லாத காட்டைத் தேடிப் போகவில்லை. காக்கும் ராஜாங்கத்தைத் தேடிப் போனார்கள். இதுவே ஏலாக்குறிச்சி நமக்குக் கற்பிக்கும் ராஜ்ய சாஸ்திரம். ராஜாங்கத்தின் பாத்தியதை பூர்வீகச் சொத்தன்று. பத்திரத்தில் எழுதி இரும்புப் பெட்டியில் வைக்கத்தக்கதுமன்று. காவலைச் செய்யும் வரையில் அது உண்டு. செய்யாத இடத்தில், செய்யாத அளவுக்கு அது இல்லை. தேர்தலில் ஜயித்துவிட்டோம் என்பதால் ஐந்து வருஷத்திற்கு அது முழுவதும் சொந்தமாகிவிட்டதென்று எண்ணும் மந்திரிகள், குத்தகையைக் கிரயமென்று மயங்குகிறார்கள்.

அக்காலத்துக் குடிக்கு ஆறு இருந்தது. இன்று அந்த வழி அடைபட்டிருக்கிறது. கொள்ளிடத்தின் தென்கரை தஞ்சை ஜில்லா. வடகரை அரியலூர் ஜில்லா. இரு கரையிலும் ஒரே சர்க்கார், ஒரே போலீஸ், ஒரே சட்டம். ஆற்றைக் கடந்தால் மற்றொரு கலெக்டர் இருப்பார். மற்றொரு ராஜாங்கம் இராது. தேசம் ஒன்றானதில் நாம் பெருமை கொள்கிறோம். அதற்காகவே நமது தலைவர்கள் சிறை சென்றார்கள். ஆனால் குடிகள் தப்பிச் செல்லும் வழி அடைபடும்போது, அவ்வழி செய்துவந்த காரியத்தை வேறொன்று செய்ய வேண்டும். குடிகள் ஓடிவிடுவார்களே என்ற பயம் ராஜாங்கத்தை விட்டு நீங்கியபின், குடிகளுக்கு ஈடு கட்ட வேண்டுமே என்ற பயமாவது அதற்கு இருக்கவேண்டும். இரண்டு பயமும் இல்லாத ராஜாங்கத்தைப் பற்றித்தான் ஸ்பூனர் எழுதினார்.

ஆதலின் நமது கோரிக்கை தெளிவானது. சர்க்கார் ஊழியர் தம் உத்தியோகத்தைச் செலுத்துங்கால் இழைக்கும் தவறுக்குச் சர்க்கார் ஈடு செய்யவேண்டுமென்றும், அது போலீஸ் காரியமாயினும் ராஜாதிகாரக் காரியமாயினும் விலக்கில்லையென்றும், ஈடு செய்த தொகையில் குற்றவாளியான உத்தியோகஸ்தர் தம் பங்கைச் செலுத்தவேண்டுமென்றும் பார்லிமெண்டு சட்டம் இயற்றவேண்டும். குறித்த காலத்தில் குறித்த காரியத்துக்குப் பயன்படாத ஆர்ஜித நிலம், சர்க்காரின் நில வங்கிக்குப் போகாமல், கோராமலே உடையவனுக்குத் திரும்பவேண்டும். 1956-ம் வருஷத்து அறிக்கை அலமாரியில் இருக்கிறது. பழைய மசோதாக்களின் நகலும் இருக்கும். புதிதாக யோசிக்கவேண்டியது அதிகமில்லை. தமிழ்நாட்டிலிருந்து லோக்சபைக்குச் செல்லும் 39 அங்கத்தினரில் ஒருவராவது இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரலாம். அது தோற்கலாம். தோற்றாலும், எந்தக் கட்சி எந்தப் பக்கம் கை தூக்கிற்று என்பதை ஜனங்கள் பார்க்கட்டும்.

இச்சட்டத்தினால் கஜானா காலியாகிவிடும் என்று உத்தியோகஸ்தர்கள் பயமுறுத்துவார்கள். இங்கிலாந்தின் கஜானா 1947-க்குப் பின் அக்காரணத்தால் காலியாகவில்லை. ஈடு கட்ட நேருமென்று அஞ்சும் எஜமானன் வேலையாளை மேற்பார்வை செய்வான், அஞ்சாதவன் செய்யமாட்டான். கஜானா காலியாகும் அளவுக்குத் தவறுகள் நடக்கின்றன என்று சர்க்காரே கூறுமாயின், அதைவிடப் பெரிய ருசு அராஜகவாதிக்கு வேண்டியதில்லை.

அராஜகக் கொள்கையைப் பழிப்பதனால் ராஜாங்கம் நிலைபெறாது. அக்கொள்கை கேட்கும் கேள்விக்கு ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும், ஒவ்வொரு தாலுகா கச்சேரியிலும் தக்க விடை கிடைக்குமாயின் அது தானே ஓயும். கூலி வாங்கியவன் காவல் செய்யவேண்டும். காவல் தவறினால் ஈடு கட்டவேண்டும். நமது கிராமத்துக் களத்துமேட்டில் வழங்கிய இந்த எளிய நியாயத்தைக் குடியரசின் சட்டப் புத்தகத்திலும் ஏற்றிவைக்கும்படி கேட்கிறோம்.